ஐந்து மாதம் அறுக்காத விஷம்

பாக்டீரியாவும் தன் பங்காளிகளை விஷம் வைத்துக் கொல்லும் என்று முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்ணுக்கே தெரியாத ஜீவன், அதற்குள்ளும் பங்காளிச் சண்டையா என்று. ஒரு வருடம் அந்தச் சண்டையைப் பார்த்து முடித்தபோது யார் யாரைக் கொன்றார்கள், யார் கெட்டவர் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. இன்றுவரை முழுசாகத் தெளியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது வயது. ஸ்ரீரங்கத்தில் புகுந்த வீடு, திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர் வேலை. எம்.ஃபில். படிக்கப் பள்ளியில் ஒரே ஒரு வருடம் விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஜூனில் ஆரம்பித்து மே மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கொடுக்காவிட்டால் திரும்பவும் எட்டாம் வகுப்பில் தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டே ரிட்டையர் ஆக வேண்டியதுதான். இன்னொரு வருடம் கேட்டால் பள்ளியிலும் தர மாட்டார்கள், வீட்டிலும் தர மாட்டார்கள். அந்த ஒரு வருடத்துக்கே என் கணவர் அவருடைய அம்மாவிடம் எத்தனை நாள் மன்றாடினார் என்று எனக்குத் தெரியும்.

என் வழிகாட்டியான பேராசிரியர் தினமும் காலைப் பூசை முடித்துவிட்டு நேராக லேபுக்கு வருகிறவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. முதல் நாள் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு எனக்கு விளக்க ஆரம்பித்தார். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு ரகம் கொலிசின் என்ற புரதத்தைத் தயாரித்து வெளியே விடுகிறது. அது பக்கத்தில் இருக்கும் வேறொரு ஈ.கோலையின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுகிற இடம், பி-12 வைட்டமின் உள்ளே போவதற்கென்று அந்தச் செல் வைத்திருக்கும் வாசல். அங்கே ஒட்டி, எப்படியோ உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் எதையும் உடைப்பதில்லை. செல்லுக்குள் புரதம் கட்டுகிற ரைபோசோம் என்ற எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரத்து ஐந்நூறு எழுத்துக்கு மேல் நீளமான ஓர் ஆர்.என்.ஏ. இழை ஓடுகிறது. விஷம் அந்த இழையை, கடைசி ஐம்பது எழுத்து மிச்சமிருக்கும் இடத்தில், ஒரே ஒரு முறை அறுக்கிறது. எந்திரம் நின்றுவிடும். புரதம் கட்ட முடியாத செல் செத்துப்போகும்.

"ஒரே ஒரு இடத்துலதான் அறுக்குமா சார்?"

"ஒரே இடம்தாம்மா. வேற எங்கயும் கை வைக்காது."

"ஆயிரத்து ஐந்நூறு எழுத்துல அந்த இடம் அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இன்னும் சாக்பீஸோட நிக்கிறேன்?" என்று சிரித்தார்.

அப்படியானால் விஷத்தைத் தயாரிக்கிற ரகம் தானே ஏன் சாவதில்லை என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இருந்தது. அந்த ரகம் விஷத்தோடு சேர்த்து ஒரு காவல் புரதத்தையும் தயாரிக்கிறது. காவல் புரதம் விஷத்தின் அறுக்கிற பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். எந்தச் செல்லிடம் அந்தக் காவல் இருக்கிறதோ அதை விஷம் ஒன்றும் செய்யாது. நான் பெரிதாகத் தலையாட்டினேன். பாதிதான் புரிந்திருந்தது.

என் வேலை கேட்க எளிமையானது. வடக்கே ஓர் ஆய்வகத்திலிருந்து தபாலில் வந்த இரண்டு ஈ.கோலை ரகங்கள் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஃப்ரிட்ஜில் இருந்தன. ஒன்று விஷம் தயாரிக்கிற ரகம், மற்றது அந்த விஷத்தால் சாகிற ரகம். முதலாவதை அல்ட்ரா வயலட் விளக்கின் கீழே வைத்து மிரட்டினால் விஷத்தை அதிகமாக வெளியே விடும். அதை வடித்தெடுத்து இரண்டாவதன் மேல் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று செல்களை எடுத்து, ஃபீனால் போட்டு ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டுச் சாயம் ஏற்ற வேண்டும். அறுந்து விழுந்த சின்னத் துண்டு ஜெல்லின் அடியில் ஒரு மெல்லிய நீலக் கோடாகத் தெரியும். அது எத்தனையாவது நிமிடத்தில் தெரிய ஆரம்பிக்கிறது என்பதுதான் என் ஆய்வேடு.

லேபில் எனக்குத் துணை, உதவியாளராக இருந்த ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மருங்காபுரிப் பக்கம் மானாவாரி நிலம். இரண்டு வருடம் மழை பொய்த்ததும் புருஷனோடு திருச்சிக்கு வந்துவிட்டார். புருஷன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அக்கா கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவார், பாக்டீரியா வளர்வதற்கான அகர் கூழைக் காய்ச்சுவார், எல்லாவற்றையும் ஆவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவை ஏற்றி இறக்குவார். அவர் காய்ச்சினால் அகர் ஒரு தடவைகூடக் கட்டி தட்டியதில்லை. பார்த்துப் பார்த்தே பழகி, கம்பியைத் தீயில் காட்டி ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குப் பாக்டீரியாவை மாற்றவும் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டு ரகங்களுக்கும் அவரே பெயர் வைத்தார். ஒன்று 'விஷக்காரி', மற்றது 'பாவப்பட்டவ'. பேராசிரியரே சில சமயம் மறந்துபோய் அப்படிச் சொல்வார்.

முதல் இரண்டு மாதமும் எனக்கு எல்லாமே அறுந்தது. விஷம் ஊற்றாத செல்லின் ஆர்.என்.ஏ.கூடச் சுக்குநூறாகி, ஜெல் முழுக்க நீலமாகத் தேய்ந்து கிடந்தது. மண்டை காய்ந்துபோனேன். கடைசியில் குற்றவாளி என் விரல்தான். மனிதத் தோலிலும் வியர்வையிலும் ஆர்.என்.ஏ.வைக் கண்டபடி வெட்டுகிற நொதி இருக்கிறதாம். நான் தொட்ட குழாயெல்லாம் கெட்டது. ரப்பர் கையுறையைக் கழுவிப் பவுடர் போட்டு மறுபடி மறுபடி மாட்டிக்கொண்டேன். லேபில் என் கை ஆர்.என்.ஏ.வுக்கு ஆகாது என்றார்கள். வீட்டிலோ அதே கை வேறு காரணத்துக்காக ஆகாமல் போயிற்று.

"ஏன்டிம்மா, கிருமியைத் தொட்ட கையோட தளிகை உள்ளுக்கு வராதே. தீர்த்தமாடிட்டு வா" என்று சமையலறை வாசலிலேயே தடுப்பார் மாமியார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த கேள்வி வரும். "அதுவும் பெருமாள் சிருஷ்டிச்ச ஜீவன்தானே? அதைக் கொன்னுட்டு என்னத்தைப் பாக்கறே?"

"நான் கொல்லலைம்மா. அதுவே ஒண்ணை ஒண்ணு கொன்னுக்கறது."

"பாத்துண்டு நிக்கறது மட்டும் நன்னாருக்கா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு படித்தும் மாமியாரிடம் வாயடைத்துப் போகிறோமே என்று.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் எல்லாம் சரியாக வந்தது. விஷம் ஊற்றிய பாவப்பட்டவள் செத்தாள். ஜெல்லின் அடியில், இருபதாவது நிமிடத்தில், நீலக் கோடு தெரிந்தது. தலைமுடி அளவுதான். பேராசிரியரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து காட்டினேன். அக்காவும் எட்டிப் பார்த்தார். "இதுக்கா டீச்சர் இவ்ளோ பாடு?" என்றார். மூன்று பேரும் அன்று கேன்டீனில் காபி குடித்தோம். இதையே நான்கைந்து முறை திரும்பச் செய்து காட்டினால் போதும், ஆய்வேடு முடிந்தது.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு கல்லூரி திறந்தது. திரும்பச் செய்தேன். பாவப்பட்டவள் சாகவில்லை.

விஷம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் புதிதாகத் தயாரித்தேன். சாகவில்லை. இரண்டு மடங்கு ஊற்றினேன், நான்கு மடங்கு ஊற்றினேன். பாக்டீரியா அதில் குளித்து எழுந்து இன்னும் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஜெல்லில் ஆர்.என்.ஏ. முழுசாக, அழகாக, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஜூலையில் எல்லாம் அறுந்தபோது அழுதவள், இப்போது எதுவுமே அறுபடவில்லை என்று அழுதேன். விளக்கின் மேல் சந்தேகம் வந்தது, மாற்றினேன். தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது, இரண்டு முறை காய்ச்சி வடித்தேன். கரன்ட் போய்ப் போய் வருவதால் ஃப்ரிட்ஜில் விஷம் கெடுகிறதோ என்று ஐஸ் பெட்டியில் வைத்தேன். என் ராசிதான் சரியில்லையோ என்றுகூடத் தோன்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, இங்கே பெருமாளும் தாயாரும் இல்லையா என்று கேட்டார். திங்கட்கிழமை மறுபடி ஊற்றினேன். அறுக்கவில்லை.

பேராசிரியரும் குழம்பினார். ஒரு வாரம் விஷத்தைத் திட்டுவார், மறு வாரம் ஃபீனால் சரியில்லை என்பார். நான் இரண்டுக்கும் தலையாட்டுவேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது வெளியே தண்ணீர் ஓடுகிறதா, மணல் கிடக்கிறதா என்பதுகூட என் கண்ணில் படாது. நுழைகிறதா, நுழைந்தும் அறுக்கவில்லையா, அறுத்தும் எனக்குத்தான் தெரியவில்லையா என்று மூன்றையும் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருப்பேன். பொங்கல் போயிற்று, சிவராத்திரி போயிற்று. மே மாதம் கிட்டே வந்துகொண்டிருந்தது. எனக்கு எட்டாம் வகுப்புக் கரும்பலகை கனவில் வர ஆரம்பித்தது.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், வெயில் கொளுத்தியது. ஃப்ரிட்ஜைத் திறந்து பாவப்பட்டவளின் குழாயை எடுத்தேன். அகர் காய்ந்து சுருங்கி, மேலே பூஞ்சை பூத்திருந்தது. இருந்த ஒரே குழாய். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "அட, இதுக்கா மொகம் இப்படிப் போச்சு? விடுங்க டீச்சர். தீபாவளிக்குப் பண்ண மாதிரி பண்ணிரலாம்."

"தீபாவளிக்கு என்னக்கா பண்ணீங்க?"

"லீவுல மூணு நாள் கரன்ட் இல்ல. வந்து பாத்தா இதே மாதிரி பூத்துப் போயிருந்துச்சு. நீங்களும் ஊருல இல்ல. செத்துப்போனா சார் உங்களத்தானே கேப்பாரு? அதான், விஷக்காரி குழாயிலேருந்து ஒரு இழுப்பு எடுத்துப் புது அகர்ல தடவி வெச்சுட்டேன். மறுநாளே ஜம்முன்னு வந்துருச்சு."

"விஷக்காரி குழாயிலேருந்தா?"

"ஆமா. ரெண்டும் ஒரே சாதின்னுதானே சார் சொன்னாரு? ஈ.கோலைதானே? வீட்ல உறை மோர் கெட்டுப்போச்சுன்னா பக்கத்து வீட்ல ஒரு கரண்டி வாங்கி நம்ம பால்ல ஊத்துறோம். அப்புறம் அது நம்ம வீட்டுத் தயிருதானே?"

நவம்பர் முதல் மார்ச் வரை, விஷக்காரி தயாரித்த விஷத்தை விஷக்காரியின் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனிடம்தான் காவல் இருக்கிறதே, அதை எப்படி அறுக்கும்? விஷம் நல்லது, விளக்கு நல்லது, தண்ணீர் நல்லது, என் ராசியும் நல்லதுதான். கோபம் உச்சிக்கு ஏறியது. "அறிவிருக்கா உங்களுக்கு? யாரக் கேட்டு அதைத் தொட்டீங்க?" என்று கத்தினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை. அவர் திருதிருவென்று விழித்தார். நான் ஏன் கத்துகிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. ஏனென்றால், அவர் கணக்கில் அவர் என்னைக் காப்பாற்றியிருந்தார்.

அக்கா செய்ததைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். தாமதத்துக்கு மாணவர் காரணமில்லை என்று எழுத்தில் காட்டினால் பல்கலைக்கழகம் மூன்று மாதம் நீட்டிப்புத் தரும். அதைக் காட்டினால் பள்ளியும் விடுப்பை நீட்டும். "நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். தபாலில் வந்த ரகங்களோடு ஒரு சின்னச் சீசாவில் அசல் விஷமும் கொஞ்சம் வந்திருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பாவப்பட்டவளை ஒரு தட்டில் பரப்பி, அதன் நடுவே அந்த அசல் விஷத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். மறுநாள் சொட்டு விழுந்த இடம் வெறுமையாக இருந்தால் ரகம் சரி. பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜில் மாட்டியிருந்த நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தீபாவளிவரை ஒழுங்காகச் செய்தேன். அதற்குப் பிறகு, வேலைதான் ஓடவில்லையே, இதற்கு வேறு ஒரு நாளா என்று சொட்டு விடாமலே 'சரி' எழுதினேன். ஒரு முறை செய்திருந்தால் நவம்பரிலேயே தெரிந்திருக்கும்.

கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதினேன். என் பெயரையும் போட்டு ஒன்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்தால் நீட்டிப்புக்கு நானே குழி தோண்டியது மாதிரி இருந்தது. அக்கா மாற்றி வைத்தது பொய்யா? இல்லை. அதனால்தான் எல்லாம் கெட்டது என்பது பொய்யா? அதுவும் இல்லை. பின் ஏன் எழுதக் கூசுகிறது என்று என்னையே கேட்டுக் கேட்டுக் குழம்பினேன். கடைசியில், ஆய்வக உதவியாளர் அனுமதியின்றி ரகத்தை மாற்றியதால் ஐந்து மாத ஆய்வு வீணாயிற்று என்று எழுதிக் கொடுத்தேன். கடிதத்தோடு வைக்க அந்த நோட்டைப் பேராசிரியர் அக்காவிடம் கேட்டிருக்கிறார். ஆனால் நோட்டு கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது பழைய காகிதத்தோடு போய்விட்டது என்று அக்கா சொன்னாராம். அதையும் பேராசிரியர் வருத்தத்தோடு கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை.

நீட்டிப்பு வந்தது. அக்காவை லேபிலிருந்து ஹாஸ்டல் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். பாத்திரம் தேய்க்கிற வேலை. பத்து வருடத்துக்கு முன்னால் அங்கேதான் அவர் சேர்ந்திருந்தார். போகிற அன்று ஆட்டோகிளேவைத் துடைத்து மூடிவிட்டு, புதிதாக வந்தவரிடம் அகர் காய்ச்சும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் லைப்ரரிக்குப் போவது போலப் போய்விட்டேன்.

வடக்கேயிருந்து பாவப்பட்டவள் மறுபடி தபாலில் வந்தாள். இரண்டே வாரம். ஊற்றினேன், செத்தாள். பத்தாவது நிமிடத்தில் கோடு மங்கலாக, இருபதாவதில் தெளிவாக, நாற்பதாவதில் தடியாக. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அதே இடத்தில் அறுத்தது. ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ரொம்பவும் பாராட்டினார்.

அன்று சாயங்காலம் ஒரு ஸ்வீட் பெட்டி வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் பின்பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா, மன்னித்துவிட்டார் என்று பார்த்துவிட்டு வரவா. அக்கா ஒரு பெரிய சாத அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர்! அறுத்துச்சா?"

"அறுத்துச்சுக்கா. பாஸாயிட்டேன்."

"அப்பாடி" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. கை முழுக்கச் சாம்பலாக இருந்ததால் பெட்டியை மேடையில் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். மன்னிச்சுருங்கக்கா என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க டீச்சர். நான் மாத்தினது மாத்தினதுதானே." சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நோட்டு பத்திக் கவலைப்படாதீங்க. சாருகிட்டக் காணோம்னுட்டேன்."

"உங்களுக்கு எப்படி..."

"தட்டு கழுவுறவ நான்தானே? தீபாவளிக்கு அப்புறம் அந்தச் சொட்டு விடுற தட்டு ஒண்ணுகூடக் கழுவ வரல. நோட்டுல மட்டும் கையெழுத்து ஏறிக்கிட்டே இருந்துச்சு. மொதல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க அன்னிக்குக் கத்துனப்புறம்தான் வெளங்குச்சு." அண்டாவில் தண்ணீரை ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். "நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. வீட்டுல டிரங்குப் பொட்டில. வேணுமா?"

அதை வாங்கிக்கொண்டு போய்ப் பேராசிரியரின் மேஜையில் வைத்திருக்கலாம். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஒரு வருடமாக எதற்கும் எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்ததில்லை.

"வேண்டாம்" என்று உடனே சொன்னேன்.